ரோட்டைக் கெடுத்துக் கொடுத்தோம்

என் மனைவிக்குச் செவ்வாயும் சனியும் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரு தடவை தவறினால் மறுநாள் முகம் வீங்கும், அதற்கு மறுநாள் மூச்சு வாங்கும், அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதை டாக்டர் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். காலை பத்து மணிக்கு அவளுடைய முறை. பெரியாஸ்பத்திரி வார்டில் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் அவள் படுத்திருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இனி நான் சொல்வதெல்லாம் ஒரு ரோட்டைப் பற்றித்தான்.

எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே இருக்கிறது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் தார் ரோடு. அங்கிருந்து எங்கள் மேல் டிவிஷனுக்கு இரண்டரை மைல் கல் ரோடு. கல் ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. மழை வருஷா வருஷம் மண்ணைக் கொண்டுபோய்விட்டது, கல் மட்டும் எங்களுக்கு மிச்சம். லொறி ஏறி எத்தனையோ காலமாகிறது. கொழுந்துச் சாக்குகளை மலை உச்சியிலிருந்து இழுத்துக் கட்டிய கம்பியில் மாட்டி ஸ்டோருக்கு இறக்குகிறார்கள்.

"என்னையும் ஒரு சாக்குல போட்டுக் கம்பியில மாட்டி விட்டுருங்க. ஒரு நிமிஷத்துல ஸ்டோருக்குப் போயிருவேன்" என்பாள் என் மனைவி. நோய் வருவதற்கு முன்னால் அந்தச் சாக்குகளில் பாதி அவள் பறித்த கொழுந்தாகத்தான் இருக்கும். அவ்வளவு வேகமான கை.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆட்டோ ஸ்டோர் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நிற்கும். பிரசவ வலியில் துடித்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், குளவி கொட்டியவர்கள் என்று ஊரில் உள்ளவர்களை எல்லாம் வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியவன் நான். சொந்தப் பெண்டாட்டியை மட்டும் என் வாசலில் ஏற்ற முடியாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அவளை உட்காரவைத்து, நானும் அவளுடைய இரண்டு தம்பிமாரும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து அறைக் காம்பராக்காரரும் தூக்கிக்கொண்டு இறங்குவோம். ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியெல்லாம் அவள் மேலே உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு உத்தரவு போடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், எங்கள் டிவிஷன் தலைவர் சேதி சொன்னார்.

"கொழும்புல இருந்து முப்பது ஜீப்பு வருதாம். நம்ம ரோட்டுலதான் ஏறப் போறாங்களாம். தொர கடுதாசி குடுத்துட்டாரு."

"எதுக்குங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாக்கத்தான். பெரிய பெரிய ஆளுங்களாம்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் பெரிய ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். கம்பனியிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட வருகிறவரை எங்கள் ஆட்கள் வீயே துரை என்பார்கள். அவர் வரும் வாரம் மழைத்தண்ணீர் ஓடும் கான்களை வழிப்போம், ரோட்டோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், அவர் வாகனம் போகும் இடம் வரைக்கும் குழிகளை மூடுவோம். அவர் குலுங்காமல் வந்து குலுங்காமல் போவார். ரோடு நன்றாக இருக்கிறது என்று எழுதுவார். அடுத்த மழைக்கு எல்லாம் போய்விடும். ரோடு ஏன் போடவில்லை என்று கேட்டால், நன்றாக இருப்பதாக ரிப்போர்ட் இருக்கிறதே என்பார்கள். இவ்வளவு நடந்தும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. முப்பது ஜீப் என்றதும் கைகள் தாமாகவே அலவாங்குக் கம்பியைத் தேடின.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கூலியில்லாமல் சிரமதானம் செய்தோம். மற்றவர்கள் விருந்தாளிகளுக்காகச் செய்தார்கள், நான் நாற்காலிக்காகச் செய்தேன். வெறி பிடித்தவன் போல வேலை செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பாதி வழியில் ஒரு வளைவில் வழுக்குப்பாறை இருக்கிறது. ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு காம்பரா அகலத்துக்குக் கிடக்கும் பாறை அது. அதன் கீழ்ப்பக்கம் ஒரு படிபோல இடுப்பளவுக்குச் செங்குத்தாக இறங்கும். நாற்காலி தூக்கும்போது எங்களுக்கு உயிர் போகிற இடம் அதுதான். அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அலவாங்கால் கல் புரட்டிப் படியின் கீழே அடுக்கி, இடுக்குகளில் சின்னக் கல் செருகி, மேலே மண் கொட்டி மிதித்துச் சரிவாக்கினோம்.

என் மனைவி மேட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"அந்தக் கல்லு ஆடுது."

"எந்தக் கல்லு?"

"நீங்க ஏறி நிக்கிறீங்களே, அதுதான். கங்காணி சொன்னா கேக்கணும்."

மூன்றாவது ஞாயிறு முடிந்து செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்டோ எங்கள் லயத்து வாசலுக்கு ஏறி வந்தது. முதல் கியரில் முனகிக்கொண்டுதான் வந்தது, ஆனால் வந்தது. லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு அடி நடந்து வந்து ஏறினாள். நான் எண்ணினேன்.

"டிரைவர் அண்ணே, எங்க வீட்டுக்காரரு ரொம்பக் கோவக்காரரு. நேரத்துக்குக் கொண்டாந்து விட்ருங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. கண்ணாடியில் அவள் பார்த்துவிடுவாள் என்று ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

அப்படி ஐந்து தடவை போனோம். ஐந்தாவது தடவைக்கு மறுநாள், புதன்கிழமை, கொழும்பிலிருந்து இரண்டு பேர் தோட்டத்துச் சின்ன துரையோடு பாதை பார்க்க வந்தார்கள். அவர்கள் வந்த ஜீப்பின் டயர் என் நெஞ்சு உயரம் இருந்தது. கூரைக்குப் பதில் இரும்புக் குழாய்க் கூண்டு. முன்னால் கம்பிவடம் சுற்றிய உருளை ஒன்று, அதை வின்ச் என்றார்கள். ஸ்டோரிலிருந்து கால் மணி நேரத்தில் மேலே வந்துவிட்டார்கள். இறங்கியபோது இரண்டு பேர் முகமும் செத்துப்போயிருந்தது.

இளையவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "யாரு அண்ணே இந்த ரோட்டைச் செஞ்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

தலைவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "நாங்கதாங்க! நீங்க வர்றீங்கன்னு மூணு ஞாயித்துக்கிழமை கஷ்டப்பட்டுச் செஞ்சோம்."

மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இளையவர் சிரிக்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்துப் படங்கள் காட்டினார். ஒரு ஜீப் பாறைமேல் மூன்று சக்கரத்தில் நின்றது, நாலாவது ஆகாயத்தில் இருந்தது. இன்னொன்று ஓடைக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அடுத்த படம் எங்கள் வழுக்குப்பாறை. சில மாதங்களுக்கு முன்னால் யாரோ வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் முப்பது பேரும் இந்த ஜீப் விளையாட்டுக்கு வர ஒத்துக்கொண்டார்களாம்.

"எங்களுக்கு இந்தக் கல்லுதான் வேணும் அண்ணே. ஆட்டோ ஓடுற ரோட்டுல நாங்க என்னத்த ஓட்றது?" என்றார்.

அந்த ஆட்டோ என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. புண்படுத்தவேண்டும் என்று சொல்லவில்லை. நாங்கள் அத்தனை பேரும் அந்தப் படங்களைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். கெட்டுப்போன ரோட்டைத் தேடி ஒருத்தன் கொழும்பிலிருந்து வருவான் என்பது எங்கள் தலையில் ஏறவே இல்லை. ஏறியபோது வெட்கமாக இருந்தது. விருந்தாளிக்குப் பிடிக்காததைச் சமைத்து வைத்துவிட்டவர்கள் மாதிரி நின்றோம்.

"பழையபடி ஆக்கித் தர முடியுமா? முடிஞ்ச பிறகு நாங்களே பெக்கோ மெஷின் அனுப்பி, கிரவல் கொட்டி, இதைவிட நல்லாச் செஞ்சு தர்றோம்" என்றார் அவர்.

சின்ன துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு எல்லாரும் இந்த வேலைய செய்யுங்க. பேரு போடுறேன்" என்றார். பேர் போட்டால் அன்றைய நாள் வேலை செய்த கணக்கு. பேச்சு அதோடு முடிந்தது.

நான் ஒரு வார்த்தை பேசினேன். பேசவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. சனிக்கிழமை பத்து மணிக்கு என் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும், தவறினால் உயிருக்கு ஆபத்து என்று சொன்னேன். இளையவர் உடனே என்னோடு லயத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் மனைவி பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு சொட்டு வைக்காமல் குடித்தார்.

"அக்கா, நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க. சனிக்கிழமை நானே என்ட வண்டியில கொண்டு போறேன். ஒன்பது மணிக்கு முன்னுக்கு வாசல்ல நிப்பேன். ஆம்புலன்ஸ்கூட அவ்வளவு சேஃப் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பயந்து ஆட்டவில்லை. அவர் எங்கள் வீட்டுக் கோப்பையில் தேநீர் குடித்தார், என் பெண்டாட்டியை அக்கா என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவ்வளவு மலிவாகப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை அலவாங்கு எடுத்துக்கொண்டு இறங்கினோம். வழுக்குப்பாறையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே போய் நின்றேன். என் கையால் செருகிய கல்லை என்னைவிட நன்றாக யார் பெயர்க்க முடியும்? சில கற்கள் வரமாட்டேன் என்று அடம் பிடித்தன. அவ்வளவு இறுக்கமாக வைத்திருந்தேன். மூன்று ஞாயிறு அடுக்கியது மதியச் சாப்பாட்டுக்குள் போய்விட்டது.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. பெரிய மனிதர்களுக்கு ஒரு வேலை செய்தால் கொஞ்சம் கூடுதலாகச் செய்துதான் எங்களுக்குப் பழக்கம். "இன்னுங் கொஞ்சம் தோண்டுவோம், சந்தோசப்படுவாங்க" என்றார் தலைவர். பாறைக்குக் கீழே பழைய மண் கொஞ்சம் இருந்தது, அதையும் வாரினோம். இடுப்பளவு படி நெஞ்சளவு ஆனது. கானைத் திருப்பித் தண்ணீரை ரோட்டில் விட்டோம். ரோட்டைப் பழையபடி ஆக்கச் சொன்னார்கள், நாங்கள் பழையதைவிட நன்றாகக் கெடுத்துக் கொடுத்தோம்.

சனிக்கிழமை அந்த மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. முதல் ஆளாக ஏறி வந்து ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே எங்கள் வாசலில் நின்றார். மற்ற வண்டிகள் ஒன்பதரைக்குத்தான் ஏற ஆரம்பிக்கும், அதற்குள் நாம் இறங்கிவிடலாம் என்றார். வண்டியில் இரண்டே இருக்கைகள். பின்னால் ஸ்பேர் டயர், சங்கிலி, கயிறு, எண்ணெய்க் கேன். நான் ஏற இடமில்லை.

அவளை இருக்கையில் வைத்து நாலு பக்கமும் பட்டி போட்டு இறுக்கினார். இடது கையில் ஊசி ஏற்றுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அந்தக் கையில் அடி படக்கூடாது என்று நான் சொன்னேன். அவர் பட்டிக்கும் கைக்கும் நடுவே தன்னுடைய துவாயை மடித்து வைத்தார். நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன்.

வழுக்குப்பாறைக்கு மேலே வந்தபோது கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. மழை இருட்டுகிறது என்று யாரோ நேரத்துக்கு முன்னாலேயே கொடி காட்டிவிட்டார்கள். சிவப்பு ஜீப் ஒன்று பாறையில் பாதி ஏறி, எங்களுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு தொங்கியது. முன் அச்சு முறிந்துவிட்டது. அதற்குப் பின்னால் வளைவு வளைவாக மற்ற வண்டிகள். ஒரு பக்கம் வெட்டிய மண் சுவர். மறுபக்கம் பள்ளம்.

"பத்து நிமிஷம் அண்ணே" என்றார் அவர்.

பத்து நிமிஷம் பத்து தடவைக்கு மேல் போனது. சிவப்பு ஜீப்பை மேலே இழுக்க ஒரு கம்பிவடத்தை மரத்தில் கட்டினார்கள், கீழே இருந்து இன்னொன்றை மாட்டினார்கள். இரண்டும் ரோட்டுக்குக் குறுக்கே விறைத்து நின்றன. என் மச்சான்மார் இரண்டு பேரும் அங்கேதான் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டேன். நாற்காலி வேண்டாம், கையில் தூக்கிக்கொண்டே ஓரமாகப் போய்விடலாம் என்றேன். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து கையை விரித்து மறித்தார். வடம் விறைப்பாக இருக்கும்போது யாரும் தாண்டக்கூடாது, அறுந்தால் ஆளை இரண்டாக வெட்டிவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். அன்றைக்கு எல்லோரும் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதை ஒன்று உண்டு. கவாத்து வெட்டிய மலை, குச்சியெல்லாம் ஈட்டியாக நிற்கும், நல்ல உடம்புக்காரனே உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவான். முதுகில் சுமந்துகொண்டு அதில் இறங்கிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"விழுந்தா ரெண்டு பேருமில்ல விழுவோம். இருங்க, வழி விடுவாங்க" என்றாள்.

பத்து மணி ஆனது. நான் போனைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். பதினொன்று ஆனது. வந்திருந்தவர்களில் ஒரு பெண்மணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பரிவோடு ஒரு செவ்விளநீரை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அவளுக்கு இளநீர் விஷம். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கோப்பையால் அளந்து குடிக்கிறவள் அவள். வேண்டாம் என்று சொன்னால் அந்த அம்மாவின் மனம் நோகும் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் புழுக்கத்தில், வறண்ட நாக்கோடு, மடியில் இளநீரை வைத்துக்கொண்டு, கூண்டுக்குள் நாலு பட்டியில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் செய்ய இருந்தது அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். நான் ஓட்டுகிறவன். அந்தச் சிவப்பு ஜீப்காரர் முறிந்த அச்சோடு, ஒருவர் முன்னால் நின்று கையசைத்து வழி காட்ட, டயரை அங்குலம் அங்குலமாகப் பாறையில் கடிக்கவிட்டு ஏற்றியதை நான் வாய் பிளந்து பார்த்தேன். டயர் கல்லின்மேல் பிதுங்கியது. கிளட்ச் கருகி மணத்தது. கடைசியில் வண்டி ஒரு உந்தலில் மேலே வந்தபோது மலையே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்தேன். அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

பிறகு அவள் முறை. கீழே நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்து, அகலமான வளைவுகளில் ஓரங்கட்டி வழி விட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பாறைக்குக் கீழே நின்றுகொண்டேன். இளையவர் முன் சக்கரத்தைப் படியின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தி, மெல்ல விட்டார். வியாழக்கிழமை நாங்கள் தோண்டியிருக்காவிட்டால் சக்கரம் சட்டென்று தரையைத் தொட்டிருக்கும். தொடவில்லை. வண்டி மூக்குக் குத்திக்கொண்டு இறங்கி, பள்ளத்தின் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம் அதுதான். பின் சக்கரம் ஒன்று ஆகாயத்துக்கு எழும்பியது. அவள் உடம்பு பட்டியில் தொங்கியது. இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். இரண்டு டன் இரும்பு விழுந்தால் தாங்கிப் பிடிக்கப்போகிறவன் மாதிரி. கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. சுற்றிலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை ஞாபகம் இருக்கிறது.

அந்த மனிதர் விடவில்லை. நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சக்கரத்தைத் தரையில் வைத்தார். அவரைப்போல நான் ஓட்டமாட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். "கெட்டிக்காரி அக்கா!" என்று யாரோ கத்தினார்கள். அவள் பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் எடுக்க என்ன இருக்கும்?

ஸ்டோரில் ஆட்டோவில் மாற்றி ஏற்றி வார்டுக்குள் போனபோது மூன்று மணி தாண்டிவிட்டது. அவள் மெஷினில் வேறொரு மனிதர் படுத்திருந்தார். அவரும் எங்கோ ஒரு மலையிலிருந்து வந்தவர்தான். பாதியில் எழுப்பவா முடியும்? அவளை அட்மிட் பண்ணி ஒட்சிசன் மாட்டினார்கள். மறுநாள் காலையில் இரண்டு பேருக்கு நடுவே எப்படியோ இடம் பண்ணி அவளை ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். "மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது ஜீப் ஏறி இறங்கியதும், அன்றைக்கே பிடித்த மழையும் சேர்ந்து ரோட்டை முடித்துவிட்டன. சக்கரம் உழுத இடமெல்லாம் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழ வாய்க்கால். சொன்னபடி மண் வெட்டும் பெக்கோ வந்தது. ஸ்டோர் வரைக்கும் வந்தது. ஓட்டுகிறவர் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு, இந்த ரோட்டில் மெஷின் ஏறாது என்று சொல்லித் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இளையவர் இரண்டு மூன்று தடவை போன் பண்ணினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வேறு மெஷின் பார்ப்பதாகச் சொன்னார், அக்காவின் சுகம் கேட்டார். எங்கள் டிவிஷனுக்கு நன்றி எழுதிய கேடயம் ஒன்று வந்தது. தலைவர் அதைக் கோயில் அலமாரியில் வைத்திருக்கிறார்.

நாங்களே மறுபடி செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் கேட்டேன். ஒரு ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள், அடுத்த ஞாயிறு நான் மட்டும் நின்றேன். யார்மேலும் கோபப்பட முடியவில்லை. மூன்று ஞாயிறு செய்த வேலையைத் தங்கள் கையாலேயே கலைத்தவர்களிடம் மறுபடி எந்த முகத்தோடு கேட்பது?

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் இனி அந்த ரோட்டில் நடக்க முடியாது. வாய்க்காலில் ஒரு காலும் மேட்டில் ஒரு காலுமாகப் போய், இரண்டாவது வாரமே அவளோடு விழுந்தோம். நல்லவேளை, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு நான் முதுகில் சுமந்தேன். மச்சான்மாரில் ஒருவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான், மற்றவன் முன்னால் நடந்து கல்லைக் காட்டுவான். அவள் கனமில்லை. ஆனால் இரண்டரை மைல் போய், சாயங்காலம் இரண்டரை மைல் ஏற வேண்டும். எனக்கு நாற்பத்தாறு வயது. இடது முழங்காலில் எப்போதும் வலி. இரவு அவள் எண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிடுவாள், ஒரு கையால்.

எட்டோ ஒன்பதோ வாரம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தூறல். நான் வழக்கம்போல வாசலில் முதுகைக் காட்டிக் குந்தினேன். பின்னால் அவள் கை என் தோளில் விழவில்லை.

"இன்னைக்கு வேணாங்க. உடம்பு நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை போய்க்குவோம்" என்றாள்.

உடம்பு நன்றாக இல்லை. பாதம் வீங்கித்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்று போனால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். சின்ன விஷயத்துக்கெல்லாம் எகிறிக் குதிக்கிறவன் நான். ஆனால் அந்த நொடியில் என் முதுகு லேசானது. முழங்கால் லேசானது. மனசு என்ன நினைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னாலேயே உடம்பு நிம்மதிப்பட்டுவிட்டது. அது முகத்தில் தெரிந்திருக்கும். திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"சரி" என்றேன்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகள் நின்றுபோயின. சனிக்கிழமை மட்டும் போகிறோம். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து, குசினியில் ஏதாவது வேலை இருப்பதுபோலச் சட்டியை உருட்டிக்கொண்டிருப்பாள். நான் தேநீர் குடித்துவிட்டு ஆட்டோ எடுக்க இறங்கிப்போவேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன சனிக்கிழமை டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறீர்கள், இப்படியே போனால் எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் படுக்கையிலிருந்து அவள் சொன்னாள்: "அவரை ஏசாதீங்க டாக்டர். நான்தான் வரமாட்டேங்கிறேன். ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் அவரு கெஞ்சித்தான் பாக்குறாரு."

டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் கெஞ்சியதில்லை.